கைவிடப்பட்ட கலிஸ்டோ: ஒரு தண்டனைக் குடியிருப்புக்குக் கணக்குப் போட்ட விதம்

பேரரசு ஒரு குடியிருப்பைத் தண்டிக்கிறது, கப்பல்கள் வருவது நின்றுவிடுகிறது. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் அறிபுனைக் கதைக்கான களத்தைக் கட்ட உட்கார்ந்தோம். எத்தனையாவது நாளில், எது தீர்ந்து ஆட்கள் விழுவார்கள் என்று தெரியாமல் இரண்டாவது வரியை எழுத முடியவில்லை. இடம், வியாழனின் நிலா கலிஸ்டோ. ஆட்கள் 200 பேர். ஆளுக்கு 100 கனமீட்டர் காற்று, ஆக மொத்தம் 20,000 கனமீட்டர்.

திரும்பிப்போக ஒரு கலம் இருக்கிறதா என்பதை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். 1991 மே மாதம் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போன சோவியத் வீரர் செர்கேய் கிரிகல்யோவ் மேலே இருக்கும்போதே சோவியத் ஒன்றியம் கலைந்தது. 311 நாள் கழித்து, 1992 மார்ச்சில் இறங்கினார். விண்வெளியில் கைவிடப்பட்டவர் என்று அவரைச் சொல்வதுண்டு. ஆனால் மிரில் ஒரு சோயூஸ் கலம் நின்றுகொண்டுதான் இருந்தது. கலம் இருந்தால் அதன் பெயர் தாமதம். எங்கள் கலிஸ்டோவில் கலம் கிடையாது.

எல்லோரும் முதலில் கைவைப்பது ஆக்ஸிஜனில். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், தப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ, 200 பேருக்கு 168 கிலோ. அதற்குச் சுமார் 190 கிலோ தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்ய வேண்டும், 45 கிலோவாட் போதும். கலிஸ்டோவில் காலடியெல்லாம் பனிக்கட்டி. ஆக்ஸிஜனை நிறுத்தி அங்கே யாரையும் பணியவைக்க முடியாது.

சிக்கல் வெளியே விடும் மூச்சில் இருக்கிறது. ஆளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்றால் தினம் 200 கிலோ. வடிகட்டி நின்றால் காற்றில் அதன் அளவு நாளுக்கு 0.55 சதவீதம் ஏறும். ஐந்தாறு நாளில் 3 சதவீதத்தைத் தொட்டுத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். 10 சதவீதம், அதாவது நினைவு தப்பும் அளவு, 18 நாளில். அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்ஸைடு வைத்துச் சமாளிக்கலாமா? தினம் 220 கிலோவுக்கு மேல் கரையும், மூட்டை மூட்டையாகக் கப்பலில் வர வேண்டும். ஆகவே சூடாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஜியோலைட் (நுண்துளைக் கனிமம்) மணிகள்தான். அதிலும் இரண்டு தொல்லை: ஈரக் காற்று பட்டால் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மணிகள் உரசி உதிரும் தூள் வால்வுகளில் அடைத்துக்கொள்ளும். சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே இந்தத் தூள் படுத்தியிருக்கிறது.

செடி வளர்த்தால் அது இழுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஆளுக்கு 50 சதுரமீட்டர், விளக்குக்குச் சதுரமீட்டருக்கு 300 வாட் என்று வைத்தோம். மொத்தம் 3 மெகாவாட். அங்கே வெயில் சதுரமீட்டருக்கு 50 வாட்தான், இரவு எட்டு நாளுக்கு மேல் நீளும். சூரியத் தகட்டை மறந்துவிட்டு அணு உலைக்குப் போக வேண்டியதுதான். மண்ணையும் நம்பக்கூடாது. 1991இல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடிய பயோஸ்பியர் 2 என்ற சோதனைக் கூடத்தில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதத்திலிருந்து சுமார் 14.5 வரை இறங்கியது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடாக்க, அதைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது.

அப்படியானால் எரிபொருளை நிறுத்துவதுதானே தண்டனை? அதுவும் இல்லை. 3 மெகாவாட் மின்சாரத்துக்கு 10 மெகாவாட் வெப்பம் வேண்டும் என்று கொண்டாலும், வருடத்துக்குப் பிளவுபடும் யுரேனியம் சுமார் நான்கு கிலோதான். ஒருமுறை நிரப்பினால் பல ஆண்டுகள் ஓடும்.

மிச்சம் இருப்பது உதிரிப்பாகம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. 1985இல் சோவியத்தின் சல்யூட் 7 விண்வெளி நிலையம் ஆளில்லாமல் உறைந்துபோனதற்குக் காரணம், மின்கலம் நிரம்பிவிட்டது என்று பொய் சொன்ன ஓர் உணரி. ஜானிபெக்கோவ், சவினிக் என்ற இரு வீரர்கள் போய் அதை உயிர்ப்பித்தபோது உள்ளே தண்ணீர் உறைந்திருந்தது. எங்கள் பேரரசில் படையெடுப்பே வரவில்லை. ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர் இண்டென்டில், அதாவது பொருள் கேட்கும் படிவத்தில், கையெழுத்துப் போட மறுத்தால் போதும்.

அவர் நிறுத்துவது வெளியே போய்வரும் காற்றுப்பூட்டுக் கதவின் (ஏர்லாக்) வாஷர். வெளியே மைனஸ் 139 டிகிரி. நைட்ரைல் ரப்பர் மைனஸ் 40 வாக்கிலேயே விறைத்துவிடும், சிலிக்கோன் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால் கதவின் விளிம்பை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அந்த ஹீட்டர் கம்பி அறுந்த இடத்தில் வாஷர் கண்ணாடிபோல வெடிக்கும். காற்று நாளுக்கு 0.05 சதவீதம் கசிந்தால் போகிற நைட்ரஜன் 9 கிலோ. சுமார் ஐந்தரை ஆண்டில் இருப்பு முழுவதற்கும் சமமான அளவு போயிருக்கும். பனிக்கட்டியிலிருந்து ஆக்ஸிஜன் எடுப்பதுபோல இதை எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொண்டோம்.

கசிவைக் குறைக்கப் பாதி அரங்குகளைக் காலி செய்து, அங்குள்ள காற்றைக் கலன்களில் அடைத்துவிட்டு, எல்லோரையும் மீதிக்குள் நெருக்கலாம். ஆனால் 10,000 கனமீட்டரில் கார்பன் டை ஆக்ஸைடு நாளுக்கு 1.1 சதவீதம் ஏறும். வடிகட்டி பழுதானால் சரிசெய்யக் கிடைக்கும் அவகாசம் 18 நாளிலிருந்து 9 ஆகிவிடும். எந்த அரங்கை மூடுவது, யார் இடம்பெயர்வது என்ற அந்தக் கூட்டத்தில்தான் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினோம்.