பிரிண்டர் பழுதில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது

"அண்ணே, பிரிண்டர்ல லைட் எரியுது. கம்ப்யூட்டர்ல மட்டும் ஆஃப்லைன்னு காட்டுது."

தலவாக்கலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. பின்னேர டியூஷனுக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் அடிக்க வேண்டுமாம். காலை மழையில் கரண்ட் போய் வந்திருந்தது.

விஷயமே அந்தக் கரண்ட்தான்.

வைஃபை ரவுட்டர் அணைந்து எழும்பினால் சில வேளை ஐபி முகவரிகளை, அதாவது தன்னோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் தருகிற இலக்கங்களை, புதிதாகப் பங்கிடும். நேற்று 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.8. கம்ப்யூட்டரோ பழைய இலக்கத்தையே தேடுகிறது, தோட்ட லயத்தில் காம்பிரா (அறை) மாறிப் போனவருக்குப் பழைய காம்பிராவுக்கே கடிதம் வருகிற மாதிரி.

பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத் தாளை அடித்துப் பார்த்தால் புது இலக்கம் தெரியும். அப்புறம் ரவுட்டர் செட்டிங்கில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கென்றே உள்ள அடையாள இலக்கம்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, கம்ப்யூட்டரிலும் அதையே கொடுத்தேன். இனி கரண்ட் எத்தனை தடவை போனாலும் சரி.

புதிதாக இணைப்பவர்களுக்கு: பல வீட்டு பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் தேடி மண்டை காய வேண்டாம். நம்ம பக்கத்துக் கல்சுவரைத் தாண்டவும் 2.4தான் நல்லது.

இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் கரண்ட் போகாத ஊரில் இருக்கிறார்கள் போல.

மலையகத்தில் வீட்டில் டியூஷன் எடுக்கும் எத்தனை அக்காமார், 'ஆஃப்லைன்' என்று கண்டதும் பழுதென்று நினைத்து, நல்ல பிரிண்டரை பஸ்ஸில் டவுனுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள்? அதுவும் இந்த மழையில்!