தெருமுனையில் உட்கார ஓர் இடம்: மனு கொடுத்ததிலிருந்து மேடை வந்தது வரை

சென்னையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இப்போது ஒரு கல் மேடை இருக்கிறது. இரண்டு பக்கமும் செடித்தொட்டி, பின்சுவரில் உடைந்த டைல்ஸில் பதித்த சிக்குக் கோலம். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்க போய்க் கேட்டீங்க? காசு யார் குடுத்தா?" என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இடம் முன்பு குப்பைமேடு. வீடு வீடாக வண்டி வந்து குப்பை வாங்கத் தொடங்கிய பிறகும் இளநீர் மட்டையும் கட்டட இடிபாடும் அங்கேதான் விழும். பழைய வீடுகள் இருந்தவரை தெருவில் திண்ணை இருந்தது. அடுக்குமாடிகள் வந்ததும் திண்ணை இருந்த இடத்தில் கேட் வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், தூய்மைப் பணியாளர்கள், உணவு கொண்டுவரும் தம்பிகள், ரேஷன் கடைக்கு நடந்து போகும் பெரியவர்கள், இவர்களில் யாருக்கும் ஐந்து நிமிடம் உட்கார இடமில்லை. குப்பையை எடுத்தால் மட்டும் போதாது, அங்கே ஆள் உட்கார வேண்டும், அப்போதுதான் குப்பை வராது என்று நாங்கள் சிலர் பேசி முடிவெடுத்தோம்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சிச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதைப் பொறுத்துத்தான் மனு போகும் இடம். எங்களுடையது மாநகராட்சிச் சாலை. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமசபை போலத்தான், வார்டுக்குள் பகுதி பகுதியாகக் கூடுவார்கள். அங்கே மனுவை வாசித்துக் கொடுத்தோம். கவுன்சிலரிடம் தனியாகப் போய்ச் சொல்வதைவிட இது நல்லது. தெருவில் பத்து பேர் காதில் விழும், தீர்மானத்தில் ஏறும்.

மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) நேரில் வந்தார். நாங்கள் கொடுத்த படத்தைவிட அவர் தரையைத்தான் அதிகம் பார்த்தார். மழைநீர் வடிகால் மூடி எங்கே, குடிநீர் வாரிய மேன்ஹோல் எங்கே, மின்வாரிய பில்லர் பாக்ஸின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், இதெல்லாம். தூர்வார வருகிறவர்கள் எதையும் உடைக்காமல் மூடியைத் திறக்க முடிய வேண்டும் என்றார். அடுத்தது நடைபாதை. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 2012ஆம் ஆண்டு நெறிமுறைப்படி நடக்கிறவர்களுக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் விட வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் "பாண்டி பஜார் மாதிரி வேணும்" என்றார்கள். 2019இல் திறந்த அந்த நடைபாதை வளாகத்தின் அகலம் எங்கள் தெருவுக்கு ஏது? ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: இருக்கையை மர வரிசையோடு சேர்த்துப் போட்டு, நடக்கிற பட்டையைக் காலியாக விடுவது. அதையே செய்தோம்.

மரத்தடியை மட்டும் சிமென்ட்டால் மூட விடாதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டது. அதைச் சொல்லித்தான் எங்கள் மேடையை வட்டமாக இல்லாமல் மரத்திலிருந்து தள்ளி, 'ட' வடிவில் போட வைத்தோம்.

பணம் 'நமக்கு நாமே' திட்டத்தில் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்காமல் முடிந்ததை வாங்கினோம். இஸ்திரி போடும் அண்ணன் கொடுத்ததையும் மாடிவீட்டுக்காரர் கொடுத்ததையும் ஒரே பட்டியலில் எழுதி, ரசீதோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். கணக்கு வெளியில் இருந்ததால் ஒரு பேச்சும் எழவில்லை.

பேச்சு எழுந்தது வேறு விஷயத்தில். "கண்டவனும் வந்து படுப்பான், நடுவுல கம்பி வைங்க" என்றார்கள் சிலர். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் பெருக்கியவர் மதியம் பத்து நிமிடம் சாய்ந்தால் நமக்கு என்ன நஷ்டம்? இருட்டில் குடிக்க உட்காருவார்கள் என்ற பயத்தில் நியாயம் இருந்தது. அதற்கு மருந்து கம்பி இல்லை, விளக்கு. மேடைக்கு நேர் மேலே எல்.இ.டி. விளக்கு கேட்டு வாங்கினோம். கம்பி இரண்டு ஓரத்தில் மட்டும் வைத்தோம், முட்டி வலிக்காரர்கள் பிடித்து எழுந்திருக்க. உயரம் 45 செ.மீ. அதற்குக் கீழே போனால் பெரியவர்களால் எழ முடியாது.

கல்லில் கவனமாக இருங்கள். முதலில் வந்திறங்கியது பளபளவென்ற கறுப்பு கிரானைட். பகல் பதினோரு மணிக்கே கை வைக்க முடியவில்லை, மழையில் வழுக்கவும் செய்யும். திருப்பி அனுப்பிவிட்டு, சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் கேட்டோம். தண்ணீர் வழிந்தோட லேசான சரிவு, முனைகள் உருட்டல்.

தனித் தொட்டி வைத்தால் காணாமல் போகும் என்பதால் செங்கல்லிலேயே கட்டினோம். அடியில் துளை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போல ஆகும். உடைந்த செங்கல், அதன்மேல் செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு. செம்பருத்தி ஆசைதான், ஆனால் ஆடு மேய்ந்துவிடும். அரளியில் விஷம், குழந்தைகள் வரும் இடத்தில் கூடாது. நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றும் நன்றாகப் பிடித்துக்கொண்டன. கோடையில் பக்கத்து அடுக்குமாடியின் ஏ.சி. தண்ணீர்க் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம்.

சுவர்தான் எனக்குப் பிடித்த பகுதி. சாமி டைல்ஸ் ஒட்டினால் யாரும் அசிங்கம் பண்ண மாட்டார்கள் என்றார்கள். எல்லா மதத்தாரும் வந்து உட்காரும் இடம், சாமியைக் காவலுக்கு நிறுத்த வேண்டாம் என்றேன். எங்கள் தெருவில் உள்ள பெண்கள் கோலம் என்றார்கள். டைல்ஸ் கடைகளில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கி, குறடால் கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கினோம். துண்டு பெரிதாக இருந்தால் சிக்குக் கோலத்தின் வளைவு முறிந்துவிடும். வெள்ளை சிமென்ட் பூசும் முன் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு புள்ளியில் விரலை வைத்து, கோடு போன வழியெல்லாம் போய், அதே புள்ளிக்குத் திரும்பி வந்தார். "ஒரு இடத்துல அறுந்திருக்கு" என்று காட்டினார். இரண்டு துண்டைப் பெயர்த்து மாற்றினோம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருந்தாலும், போஸ்டரைத் தடுத்தது இந்த மேடுபள்ளமான சுவர்தான். பசை சரியாகப் பிடிப்பதில்லை.

பராமரிப்பை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பெருக்குவது மாநகராட்சி, செடிக்குத் தண்ணீரும் சிறு பழுதும் தெரு. இதில் தெளிவு இல்லாததால் காய்ந்து கிடக்கும் தொட்டிகளை ஊரில் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்த மனு, சுகாதார நிலையம் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கு. கர்ப்பிணிகள் அங்கே நின்றுகொண்டேதான் காத்திருக்கிறார்கள். நடைபாதை குறுகல், மேடை போட முடியாது. சுவரோடு ஒட்டிய குறுகிய பலகையும் மேலே கொடி படரப் பந்தலும் கேட்டிருக்கிறோம். ஏ.இ. அளவெடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.