கொடுமணல்: கல்வட்டத்தைத் தேடி

12 ஜனவரி 2025, ஞாயிறு

சென்னிமலையில் டிபனை முடித்துவிட்டுக் கொடுமணலுக்கு வண்டியை விட்டோம். நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் வரும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சூதுபவள மணி, இரும்பு உலை, எழுத்துப் பொறித்த பானை ஓடு என்று எல்லாரும் பேசுவது அன்றைக்கு மனிதர்கள் வாழ்ந்த மேட்டைப் பற்றி. எனக்கோ அவர்களுடைய இடுகாட்டைப் பார்க்க வேண்டும்; கல்லறையைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்திருப்பார்களே, அந்தக் கல்வட்டத்தை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "குழி தோண்டிப் பாத்தாங்களே, அதுங்களா? கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் போங்க, தம்பி" என்றார்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். நின்று பார்க்கப் பார்க்கக் கண் பழகியது. பாதி புதைந்த உருண்டைக் கற்கள், ஒன்றையடுத்து ஒன்றாக வளைந்துகொண்டே போயின. நடுவில் இருக்க வேண்டிய கற்குவை முழங்கால் உயரம்கூட இல்லை. கொஞ்சம் மழை கரைத்திருக்கும், கொஞ்சம் ஏர் கலைத்திருக்கும், மீதி யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போயிருக்கும். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. காட்டில் சும்மா கிடக்கும் கல்லை எடுக்காமல் யார் விடுவார்கள்?

13 ஜனவரி, போகி

1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்ட ஆரம்பித்தது. இந்த இடுகாட்டில் முந்நூறுக்கும் மேல் ஈமச்சின்னங்கள் இருப்பதாகக் கணக்கு.

நேற்றுப் பார்த்த குவைக்குக் கீழே என்ன இருக்கும் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வகைக் கல்லறையில் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்திப் பெட்டி மாதிரி அறை கட்டுவார்கள். அதுதான் கற்பதுக்கை. ஒரு பலகையில் இடுதுளை இருக்கும். உள்ளே எலும்பு, கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், சிலவற்றில் மணிகள். மேலே மூடுகல், அதன்மேல் மண், அதற்கும் மேல் கல். அவ்வளவு கனமான பலகையில் அத்தனை மெனக்கெட்டுத் துளை போட்டுவிட்டு, கடைசியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மூடியிருக்கிறார்கள்! பார்க்க ஆளில்லாத வேலையை நாம் இவ்வளவு சுத்தமாகச் செய்வோமா, எனக்குச் சந்தேகம்தான்.

19 ஜனவரி, ஞாயிறு

போக நினைக்கிற நண்பர்களுக்கு: உச்சி வெயிலில் போகாதீர்கள். நிழல் நீளமாக விழாது, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கும். நான்கு மணிக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயிலில் மண்ணின் மேடு பள்ளம் துலங்கி, வட்டம் சட்டென்று கண்ணில் படும். கற்குவையின் மேல் ஏறி நின்று செல்ஃபி மட்டும் வேண்டாம், சரியா?