சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள்

வேலூர் வெயில் ஏறிவிட்டது. பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மஞ்சள் இன்ஜின் விளக்கும் சிவப்பு ஆயில் விளக்கும் ஒன்றல்ல. மஞ்சள் சிமிட்டாமல் நின்று எரிந்தால் பெரும்பாலும் மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்விடலாம். ஓடும்போது சிவப்பு எரிந்தால் ஆம்பூர் ரோட்டின் நடுவே இருந்தாலும் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். "காட்பாடி போய்ப் பார்த்துக்கலாம்" என்று நினைக்கவே வேண்டாம். ஆயில் பிரஷர் (ஆயிலைத் தள்ளும் அழுத்தம்) இல்லாமல் ஓடும் கொஞ்ச நேரத்திலேயே இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங்கும் கேம்ஷாஃப்ட்டும் போய்விடும்.

சில நிமிடம் கழித்து, சமதரையில் வண்டியை நிமிர்த்தி ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிகிறதா? விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் ஒயர் வண்டி பாடியில் உரசினாலும் எரியும்தான். ஆனால் ஒயர்தான் என்று முடிவு கட்டுமுன் கேஜ் வைத்து பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மினுக்கினால் ஆயில் நீர்த்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம்.

பழுது எண்ணைக் காட்டும் ஸ்கேனரை மட்டும் நம்பாதீர்கள். பி0524 வந்தால் பிரஷர் குறைவு, பி0520 என்றால் சென்சார் சர்க்யூட். ஆனால் பல பைக்குகளில் இந்த விளக்கு நேராக ஸ்விட்ச்சோடு இணைந்திருக்கும், எந்த எண்ணும் பதிவாகாது.

அப்புறம், சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பையோ ஒயரையோ முதலில் சரிசெய்யுங்கள்.