பத்து எண்ணியதும் கழற்றிவிடலாம்

என் மகளுக்கு வருகிற வலிப்பில் கைகால் வெட்டி இழுக்காது. நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பில் பிடிமானம் விட்டுப்போய், அப்படியே சரிந்து விழுவாள். சில நொடிதான். எழுந்து மறுபடி விளையாடப் போய்விடுவாள். இதற்கு அடோனிக் வலிப்பு என்று பெயர். டிராப் அட்டாக் என்றும் சொல்வார்கள். நாம் தடுக்கி விழுந்தால் கை தானாக முன்னால் போய் ஊன்றிக்கொள்ளும். இவளுக்கு அந்த நொடியில் கையிலும் வலு இருக்காது. அதனால் முகமும் தலையும்தான் முதலில் தரையில் மோதும். நெற்றியில் தையல், தாடையில் தையல், முன்பல் ஒன்று பாதி உடைந்துபோனது. மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஹெல்மெட் போட்டுவிடுங்கள் என்று நரம்பியல் டாக்டர் சொன்னார். அப்போது அவளுக்கு 4 வயது. தலையில் ஹேர்பேண்ட் வைத்தாலே பிடுங்கி எறிகிற பிள்ளை.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு, வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. அதன் உள்ளே இருக்கும் தெர்மாகோல், பலமான ஒரு மோதலில் தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்கியபின் அதனால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒரே நாளில் பல முறை விழக்கூடிய குழந்தைக்கு, அமுங்கி மறுபடி பழைய வடிவத்துக்கு வருகிற மெத்தென்ற ஃபோம் ஹெல்மெட்டை எங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். முகத்திலும் அடிபடுவதால், நெற்றிப் பக்கம் தடித்து முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதையும் தாடைக்குக் காப்பு உள்ளதையும் தேர்ந்தெடுத்தோம். அளவு எடுக்கும்போது டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். தினமும் எப்படிப் பின்னிவிடுவோமோ அப்படிப் பின்னியிருக்கும்போதே எடுங்கள். கொண்டை போட்டிருந்தால் அளவு தப்பாகிவிடும்.

சரி, ஹெல்மெட் வந்துவிட்டது. போட்டால் வீடே இரண்டாகும்படி அலறினாள். என் மாமியாரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "பச்சப் பிள்ளைய ஏம்மா இப்படிப் போட்டுப் பாடாப்படுத்துறே?" என்று அவரும் கூடவே அழுதார்.

எங்களுக்கு வழி காட்டியது, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். அவர் சொன்ன முதல் வேலை, ஹெல்மெட்டில் எது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்து கவனிப்பது. நாங்கள் கனமாக இருக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். கவனித்துப் பார்த்தால், தலையில் வைக்கும்வரை பேசாமல்தான் இருந்தாள். தாடை நாடாவின் பக்கிளை மாட்டும்போது காதுக்கு அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில்தான் உடம்பு விறைத்தது, தோள் இரண்டும் காதுவரை ஏறின. அலறல் அதற்குப் பிறகுதான். அவளைப் பொறுத்தவரை அந்தச் சத்தம், இனி இதைக் கழற்ற முடியாது என்பதற்கான அடையாளம். அதனால் கொஞ்ச காலம் பக்கிளைக் கையில் வைத்து அவளையே மாட்டவும் கழற்றவும் விட்டோம். ஹெல்மெட் அவள் மடியில் கிடக்கும், டக், டக் என்று விளையாடிக்கொண்டிருப்பாள். கரடிப் பொம்மைக்குப் போட்டுவிடுவாள், தாத்தாவின் முழங்காலுக்கும் மாட்டிவிடுவாள். அவள் தலைக்கு அதை யாரும் கொண்டுபோகவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட எங்களுக்கு உதவியது. "அவ பிடுங்குறதுக்கு முன்னாடி நீங்க கழட்டிடணும்." பிள்ளை அலறும்போது கழற்றினால், அலறினால் கழற்றிவிடுவார்கள் என்று பழகிப்போகும். அலற அலற இறுக்கிப் போட்டால் பயம் ஊறிப்போகும். ஆகவே அழுகை வர நேரமே இல்லாதபடி சின்னதாகப் போட்டு, சொன்ன வாக்குப்படி எடுத்துவிட வேண்டும். எண்ணும் பொறுப்பை மாமியாரே ஏற்றுக்கொண்டார். "ஒண்ணு... ரெண்டு..." என்று ராகம் போட்டு எண்ணுவார். பத்து வந்ததும் ஹெல்மெட் தலையை விட்டு வந்துவிடும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவோம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று நீட்டியதில்லை. பத்து என்றால் பத்துதான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்த பிறகு, ஒரு பாட்டு முடியும்வரை, அப்புறம் சோப்புக் குமிழி ஊதி முடிக்கும்வரை என்று வளர்த்தினோம். குமிழி நல்ல யோசனை. அண்ணாந்து பார்த்துத் துரத்துகிற பிள்ளைக்குத் தலையில் இருப்பது மறந்துபோகிறது. போடுவதற்கு முன்னால் உள்ளங்கையால் அவள் தலையைச் சுற்றி மெதுவாக அழுத்திவிடுவேன். அந்த அழுத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

பழகுகிறவரை அவள் விழாமல் இருக்கப்போவதில்லையே. அந்த நாட்களில் கூடத்தில் தடித்த பாய் விரித்து, பெரும்பாலான விளையாட்டைத் தரையிலேயே வைத்துக்கொண்டோம். மேசை விளிம்புகளில் ஸ்பாஞ்ச் ஒட்டினோம். படிக்கட்டில் எப்போதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவோம். குளியலறையில் ஒரு நொடிகூடத் தனியாக விட்டதில்லை. இதையெல்லாம் செய்ததால்தான் ஹெல்மெட் விஷயத்தில் அவசரப்படாமல் இருக்க முடிந்தது. பயத்தில் இருக்கும் பெற்றோரிடம் பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை, அந்த இடைவெளியில் பிள்ளையை எப்படிக் காப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளியே போகும்போது பார்வைகள் வரும், கேள்விகளும் வரும். அவளுக்கே பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தோம்: "நான் சில நேரம் விழுந்துடுவேன். இது இருந்தா அடிபடாது." பள்ளியில் ஆசிரியை முதல் நாளே ஹெல்மெட்டை எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

வியர்வைதான் இன்றுவரை தொல்லை. உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டு, நனைந்ததும் மாற்றிவிடுகிறோம். கழற்றியதும் நெற்றி, காது மடல், தாடைக்கு அடியில் பார்ப்பேன். லேசாகச் சிவந்து சற்று நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை; சிவப்பு அப்படியே நின்றால் எங்கோ இறுக்குகிறது என்று பொருள். தூங்கும்போது போடுவதில்லை. இன்னொன்று, ஹெல்மெட் வலிப்பை நிறுத்தாது. கைகால் இழுக்கும் பெரிய வலிப்பு வந்தால் தாடை நாடாவை உடனே தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பள்ளியில் இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

இப்போது காலையில் பல் துலக்கியதும் ஹெல்மெட் என்று ஆகிவிட்டது. வெயில் ஏறுகிற மதியத்தில் மட்டும் இன்னும் அடம் உண்டு. அப்போது கழற்றிவிட்டு நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து படம் வரைவோம். போன மாதம் தலை வளர்ந்து அடுத்த அளவு வாங்க வேண்டியிருந்தது. புதியதன் பக்கிள் வேறு மாதிரி, சத்தமும் வேறு. மறுபடி பாட்டியைக் கூப்பிட்டு ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறோம்.