பூட்டை விட்ட பிறகு

2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அளவீட்டுக் கருவிகள் செய்துதரும் ஒரு சிறு நிறுவனத்தில், சென்சார் தரவைப் பெறும் லினக்ஸ் டிரைவரை, அதாவது சென்சாருக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் நிரலை, எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு கத்திரி வெயில் நாளில் வாலாஜாவுக்கு அருகிலிருந்த நிலையத்தில் கருவி அசைவற்று நின்றது. பெட்டி சூடேறிவிட்டது என்றே அனைவரும் கருதினோம். உடன் வந்த இளைஞர், "அண்ணா, பி.எஸ். கட்டளை கொடுத்தா அதுவும் திரும்பி வரல" என்றார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் கட்டளை அது. அந்த ஒரு சொல்லே என்னைச் சரியான இடத்திற்குத் திருப்பியது.

ஒரு புரோகிராமின் கட்டளை வரி அதன் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. அதைப் படிக்க, அந்தப் புரோகிராமின் முகவரிப் பரப்பை, அதாவது அதற்குரிய நினைவக வரைபடத்தை, ஒருவர் மாற்றும்போது மற்றவர் தொடாமல் காக்கும் பூட்டை பி.எஸ். கேட்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2020-இல் வந்த 5.8 பதிப்பு முதல் எம்மேப் லாக் எனப்படும் அந்தப் பூட்டு யாரிடமோ சிக்கியிருந்தது.

புரோகிராமுக்குள் தனித்து ஓடும் இழைகளில் ஒன்று, அதாவது ஒரு திரெட், நினைவகத்தை முகவரிப் பரப்பில் இணைக்கும் எம்மேப் அழைப்பைக் கேட்டபோது, கெர்னல் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு என் டிரைவருக்குள் வந்து டிரைவரின் சொந்தப் பூட்டான மியூட்டெக்ஸுக்குக் காத்திருந்தது. அதே புரோகிராமின் இன்னொரு திரெட், ரீட் அழைப்பில் மியூட்டெக்ஸைப் பிடித்தபடியே தரவை அந்தப் புரோகிராமின் ஒரு பக்கத்திற்கு, அதாவது நினைவகத்தின் ஒரு சிறு துண்டுக்கு, நகலெடுத்தது. அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லாததால் அதைக் கொண்டுவரக் கெர்னலை அழைக்கும் பேஜ் ஃபால்ட் எழுந்து, அது எம்மேப் லாக்கைக் கேட்டது. மற்ற நாட்களில் பக்கம் இருந்துவிட்டதால் ஒன்றுக்காக மற்றொன்று முடிவின்றிக் காத்திருக்கும் இந்த டெட்லாக் வெளிப்படவே இல்லை. இங்கோ மோல்நார் உருவாக்கி 2006-இல் கெர்னலின் 2.6.18 பதிப்பில் சேர்ந்த லாக்டெப் என்ற சோதனை வசதி, டெட்லாக் நிகழும்வரை காத்திராமல் பூட்டுகளின் வரிசை முரணை வைத்தே எச்சரிக்கும். அதை இயக்காமலே டிரைவரைக் களத்துக்கு அனுப்பியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நகலெடுப்பதற்கு முன் மியூட்டெக்ஸை விட்டுவிடும்படி திருத்தினேன். கருவி பிறகு நிற்கவில்லை. ஆனால் சில நாட்களில் ஒரு தொட்டியின் அமிலத்தன்மை அளவுக்குப் பதிலாகப் பொருளற்ற எண்கள் பதிவாகின. மியூட்டெக்ஸ் விடப்பட்ட இடைவெளியில் ரீசெட் செய்யும் திரெட், தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவக இடமான பஃபரை விடுவித்திருந்தது, அதே இடம் வேறு எதற்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. நிற்பதைவிட இது கொடியது, ஏனெனில் தவறான எண்ணை நம்பி அங்கே ஒருவர் கழிவுநீரைத் திறந்துவிடக்கூடும்.

லினக்ஸ் கெர்னலில் 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழையும் இத்தகையதே. எழுதுவதற்காகத் தனி நகல் எடுக்கும் கட்டத்துக்கும் அதில் எழுதும் கட்டத்துக்கும் இடையே வேறொரு திரெட் அந்த நகலைக் களைந்துவிட முடிந்ததால், படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பிலேயே எழுத முடிந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதைத் தானே சரியில்லாமல் திருத்த முயன்றதாக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பில் எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன்.

என் டிரைவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு பூட்டு அன்று. மியூட்டெக்ஸ் கையில் இருக்கும்போதே பஃபரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்டைக் கூட்டிவிட்டு, பின்பு மியூட்டெக்ஸை விட்டு நகலெடுக்க வேண்டும். கடைசியாகக் கையை எடுப்பவரே பஃபரை விடுவிக்க வேண்டும். சோதனையில் ஒவ்வொரு ரீட்டும் இதுவரை தொடப்படாத புதிய பக்கத்திற்கே சென்று ஃபால்ட் கட்டாயம் எழுமாறு அமைத்தோம். எம்மேப்பும் ரீசெட்டும் இடைவிடாமல் உடன் ஓட, மூன்று இரவுகள் கடந்த பின்னரே கருவியை வாலாஜாவுக்கு எடுத்துச் சென்றோம்.