சாப்பிட்டது உடம்பில் ஒட்டவே இல்லை

சுகர் வந்து 12 வருஷம். முதலில் மெட்ஃபார்மின் மட்டும், பிறகு இன்சுலினும் சேர்ந்தது. அடிக்கடி வயிற்றால் போனபோது பழியை மெட்ஃபார்மின் மேல் போட்டுவிட்டு இருந்தேன். அந்த மாத்திரைக்கு அப்படியொரு பெயர் உண்டு. எடை இறங்கியதில் உள்ளூர சந்தோஷம் வேறு.

சொல்லக் கூச்சம்தான், ஆனால் விஷயம் பிடிபட்டது கழிவறையில். மலம் வெளிறிப் பிசுபிசுப்பாக மிதந்தது. இரண்டு தடவை ஃப்ளஷ் செய்தும் ஓரத்தில் எண்ணெய்ப் படலம். இன்னொன்று, வயிறாரச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கை நடுங்கி வியர்த்தது. மீட்டரில் 58. சாப்பிட்ட பிறகு லோ சுகரா?

டாக்டர் மெட்ஃபார்மினை இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தார். மாற்றமில்லை. அடுத்து மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை. கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதி அது. முதல் மாதிரி தண்ணீராக இருந்ததால் வீண். அதில் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். இரண்டாவதில் கிராமுக்கு 88 மைக்ரோகிராம். 200-க்கு மேல் என்றால் சரி, 100-க்குக் கீழே கடுமையான குறைபாடு. கல்லோ கட்டியோ இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். கணையம் சற்றுச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கணையம் என்றால் இன்சுலின் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதானாம். மிச்சம் பெரும்பாலும் கொழுப்புக்கு லிப்பேஸ், மாவுச்சத்துக்கு அமிலேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று செரிமான நொதி தயாரிக்கும் செல்கள். திட்டுகளிலிருந்து கிளம்பும் ரத்தம் இந்தச் செல்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் வரும் இன்சுலின்தான் அவற்றுக்கு ஊட்டம். அது வற்றினால் இவையும் மெலிகின்றன. நான் போடும் ஊசி? உடம்பெல்லாம் சுற்றி நீர்த்துப்போய்த்தான் அங்கே சேரும். போதாக்குறைக்குச் சுகர் நரம்பைக் கெடுத்தால், சாப்பாடு வந்துவிட்டது என்று குடலிலிருந்து கணையத்துக்குப் போகும் தகவலும் மங்கிவிடும். எல்லாச் சுகர்காரர்களுக்கும் இந்த அளவுக்கு முற்றுவதில்லை.

நொதி கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வேளைச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட் லிப்பேஸ், நொறுக்குத்தீனிக்கு 25,000. மற்ற மாத்திரை மாதிரி சாப்பிட்டு அரை மணி கழித்து விழுங்கினேன். ஒரு வாரம் வீணானது. முதல் வாயோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று மாற்றிய நான்காம் நாள் மலம் மூழ்கியது. இதற்கெல்லாம் சந்தோஷப்படும் வயசு வந்துவிட்டது!

கூடவே சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் 240-க்கு ஏறியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தப் போனேன். "இப்பதாங்க சாப்பாடே உள்ள போகுது," என்று டாக்டர் சிரித்தார். சாப்பாட்டு இன்சுலினை 4 யூனிட் கூட்டினார். வைட்டமின் டி-யும் தரைமட்டத்தில் இருந்தது, அதற்குத் தனி மாத்திரை.

போன வாரம் கேப்ஸ்யூல் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனேன். ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் மீட்டர் 64 காட்டியது.